சட்டி சொல்லும் சேதி

மீன் குழம்பு வைத்த சட்டியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மண்சட்டி அப்படித்தான். வைக்கிற குழம்பில் கொஞ்சத்தை அது குடித்துக் கொள்ளும்.

இது எல்லா வீட்டிலும் தெரிந்த செய்திதான். ஆனால் இந்தச் சின்னச் செய்தியை வைத்து இன்று பெரிய ஆராய்ச்சி நடக்கிறது. 4,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்த வீடு இன்று இல்லை. அந்தத் தெரு மண்ணுக்குள் போய்விட்டது. சமைத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. உடைந்த சட்டியின் ஓடு மட்டும் இருக்கிறது. அந்த ஓடுதான் இப்போது பேசுகிறது.

எந்த ஊர்ச் சட்டி அது? அதைப் பேச வைத்தவர்கள் யார்?

செங்கல் போன வழி

இன்றைய பாகிஸ்தானிலும் இந்தியாவின் வடமேற்கிலும் ஒரு காலத்தில் பெரிய நகரங்கள் இருந்தன. சிந்து ஆறும் அதன் துணை ஆறுகளும் பாயும் பகுதியில் இவை முதலில் தெரிய வந்தன. அதனால் சிந்துவெளி நாகரிகம் என்று பெயர். ஹரப்பா நாகரிகம் என்றும் சொல்வார்கள். கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை இந்த நகரங்கள் செழிப்பாக இருந்தன.

அங்கே தெருக்கள் நேராக இருந்தன. வீடுகளைச் சுட்ட செங்கல்லால் கட்டினார்கள். பல வீடுகளில் குளிக்கத் தனி இடம் இருந்தது. அழுக்கு நீர் ஓட மூடிய சாக்கடை இருந்தது. இன்றும் எத்தனையோ ஊர்களில் மூடிய சாக்கடை இல்லை! செங்கல்லுக்கும் ஓர் அளவு வைத்திருந்தார்கள். உயரம் ஒரு பங்கு, அகலம் இரண்டு பங்கு, நீளம் நான்கு பங்கு. பெரிய செங்கல் ஆனாலும் சின்னச் செங்கல் ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. பொருளை நிறுக்க, கல்லில் செதுக்கிய எடைக்கற்கள் இருந்தன.

இந்த நல்ல செங்கல்லே ஹரப்பாவுக்கு வினையாக வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரர்கள் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை போட்டார்கள். பாதைக்கு அடியில் கொட்டக் கல் வேண்டும். அந்தப் பக்கம் கல் கிடைப்பது அரிது. ஹரப்பாவில் மேடு மேடாகப் பழைய செங்கல் கிடந்தது. அதை வண்டி வண்டியாக அள்ளிப் போனார்கள். சுமார் 160 கிலோமீட்டர் பாதைக்கு ஹரப்பாவின் செங்கல் போனது. ஒரு நகரத்தின் மேல் ரயில் ஓடியது. பயணம் செய்தவர்களுக்கு அது தெரியாது.

அந்த மேட்டின் அருமை பிறகுதான் தெரிந்தது. 1921இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவில் அகழாய்வு செய்தார். அகழாய்வு என்றால் பூமியை மெல்ல மெல்லத் தோண்டி ஆராய்வது. அடுத்து மொகஞ்சதாரோவில் ரக்கால்தாஸ் பானர்ஜி தோண்டினார். இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரிப் பொருள்கள் கிடைத்தன. 1924இல் ஜான் மார்ஷல் இந்தச் செய்தியை உலகத்துக்கு அறிவித்தார். அவர் அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர்.

இப்போது ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் பாகிஸ்தானில் உள்ளன. இந்தியாவிலும் அந்தக் காலத்து ஊர்கள் பல உண்டு. குஜராத்தில் தோலாவிராவும் லோத்தலும் இருக்கின்றன. ராஜஸ்தானில் காலிபங்கன் இருக்கிறது. ஹரியானாவில் ராக்கிகடி இருக்கிறது. ராக்கிகடி இவற்றுள் மிகப் பெரியது. டெல்லியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில், ஹிசார் மாவட்டத்தில் உள்ளது.

ராக்கிகடியில் பழைய நகரம் பல மேடுகளாகக் கிடக்கிறது. சில மேடுகளின் மேல் இன்றைக்கும் மக்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள். சுற்றிலும் வயல்கள். ஏர் ஓட்டும்போது பானை ஓடு வரும், மணி வரும். மேட்டில் எருமைகள் கட்டியிருக்கும். வறட்டி தட்டி அடுக்கியிருக்கும். மேட்டுக்குக் கீழே ஒரு நகரம், மேலே ஒரு கிராமம்.

யாராலும் படிக்க முடியாத எழுத்து

அந்த மக்கள் எழுதத் தெரிந்தவர்கள். சின்னக் கல் முத்திரைகளில் எழுதினார்கள். பானையின் மேல் கீறினார்கள். செப்புத் தகட்டிலும் எழுதினார்கள். ஒரு காளை மாடு அல்லது யானை படம் இருக்கும். அதற்கு மேல் நான்கைந்து குறிகள் இருக்கும். மொத்தம் ஏறத்தாழ 400 வகைக் குறிகள்.

ஆனால் அதை இன்று வரை யாராலும் படிக்க முடியவில்லை. 100 ஆண்டுகளாக உலகம் முழுவதும் அறிஞர்கள் முயல்கிறார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஐராவதம் மகாதேவன் தம் வாழ்நாளில் பெரும் பகுதியை இதற்குக் கொடுத்தார். கிடைத்த எழுத்துகளை எல்லாம் வரிசைப்படுத்தி 1977இல் பெரிய தொகுப்பு நூல் வெளியிட்டார். பின்லாந்து நாட்டு அறிஞர் அஸ்கோ பர்போலாவும் பல ஆண்டுகள் உழைத்தார். இருவரும் அந்த மொழி திராவிட மொழியாக இருக்கலாம் என்று கருதினார்கள். வேறு மொழி என்று சொல்பவர்களும் உண்டு. அது மொழியை எழுதும் எழுத்தே அல்ல, வெறும் அடையாளக் குறிகள் என்று சொல்பவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு பரிசு அறிவித்தது. இந்த எழுத்தைச் சரியாகப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெரிய பட்டம் பெற்ற பேராசிரியர் ஒருவர் அந்த முத்திரையை எடுத்துப் பார்க்கிறார். அவருக்கும் அது கோடும் வளைவும்தான். அந்த எழுத்துக்கு முன்னால் உலகமே எழுத்தறியாமல் நிற்கிறது. பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களுக்கு அந்தப் பேராசிரியரின் பாடு புரியும்.

எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று ஆய்வாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வேறு எதைப் படிக்கலாம் என்று தேடினார்கள். குப்பையைப் படித்தார்கள்! உடைந்த சட்டி, கருகிய தானியம், மாட்டு எலும்பு, மனிதப் பல். வரலாறு படித்தவர் மட்டும் இதைச் செய்ய முடியாது. வேதியியல் படித்தவர் வேண்டும். செடி கொடிகளைப் பற்றிப் படித்தவர் வேண்டும். எலும்பைப் பற்றித் தெரிந்தவர் வேண்டும். அதனால் இவர்கள் எல்லாரும் இப்போது ஒரே குழியில் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

மஞ்சளும் இஞ்சியும்

ஹரியானாவில் பர்மானா என்று ஓர் ஊர். அங்கேயும் ஹரப்பா காலத்து வீடுகளும் கல்லறைகளும் கிடைத்தன. அங்கே கிடைத்த பானைகளையும் பற்களையும் அருணிமா காஷ்யப், ஸ்டீவ் வெபர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள்.

அரிசி வடித்த கஞ்சி ஏன் கெட்டியாகிறது? அதில் மாவுச்சத்து இருக்கிறது. கிழங்கிலும் பருப்பிலும் கூட மாவுச்சத்து உண்டு. இந்த மாவுச்சத்து மிகச் சிறிய மணிகளாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியை விடப் பல மடங்கு பெரிதாகக் காட்டும் கருவியில் வைத்தால் தெரியும். ஒவ்வொரு செடியின் மணிக்கும் ஒரு வடிவம் உண்டு. நெல்லையும் கம்பையும் பார்த்ததுமே நமக்குத் தெரிகிறது அல்லவா? அதே போல அவர்களுக்கு இந்த மணிகள் தெரியும். சமைத்தால் மணியின் வடிவம் மாறும். எனவே பச்சையா, வெந்ததா என்றும் சொல்லலாம்.

பானையைச் சுரண்டிப் பார்த்தார்கள். பல்லின் மேல் படிந்திருந்த காரையையும் சுரண்டிப் பார்த்தார்கள். மஞ்சள் இருந்தது. இஞ்சி இருந்தது. கத்தரிக்காயும் இருந்தது. இந்த முடிவை 2010இல் வெளியிட்டார்கள். பத்திரிகைகள் இதை உலகின் மிகப் பழைய குழம்பு என்று எழுதின. அது கொஞ்சம் மிகைதான். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார்களா என்பதை யார் பார்த்தார்கள்? ஆனால் மஞ்சளும் இஞ்சியும் அந்த அடுப்பங்கரையில் இருந்தன. அது உறுதி.

தானியத்தைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழி இருக்கிறது. பழைய அடுப்பு இருந்த இடத்து மண்ணை அள்ளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குவார்கள். மண் அடியில் தங்கும். கருகிய தானியம் மேலே மிதக்கும். அதை வடிகட்டிக் காய வைப்பார்கள். அரிசி களைபவருக்கு இது புது வித்தை அல்ல.

இப்படிப் பார்த்ததில் கோதுமையும் பார்லியும் கிடைத்தன. இவை குளிர்காலப் பயிர்கள். ஹிசார் மாவட்டத்தில் மசூத்பூர் என்ற ஊரில் பச்சைப்பயறு, உளுந்து, கொள்ளு ஆகியவையும் கிடைத்தன. சிறுதானியங்களும் நெல்லும் கிடைத்தன. இவை மழைக்காலப் பயிர்கள். ஆக, அந்த உழவர்கள் ஆண்டுக்கு இரு போகமும் பார்த்தவர்கள். ஒரு போகம் பொய்த்தால் மறு போகம் கைகொடுக்கும்.

ராஜஸ்தானில் பிஞ்சோர் என்ற இடத்தில் ஏழு உருண்டைகள் கிடைத்தன. லட்டு போலவே இருந்தன. பக்கத்தில் இரண்டு காளை பொம்மைகளும் ஒரு செப்புக் கருவியும் இருந்தன. லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தில் இவற்றைச் சோதித்தார்கள். பார்லி, கோதுமை, கொண்டைக்கடலை, பயறு வகை எல்லாம் கலந்து பிடித்த உருண்டைகள் என்று தெரிந்தது. 2021இல் இந்த முடிவு வெளியானது. பண்டிகைக்குப் பிடித்தார்களா? சாமிக்குப் படைத்தார்களா? படையலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

சட்டி குடித்த கொழுப்பு

இப்போது முதலில் சொன்ன சட்டிக்கு வருவோம்.

மண்சட்டியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சமைக்கும்போது எண்ணெயும் கொழுப்பும் அதற்குள் ஊறும். தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. அதனால் மழை பெய்தாலும் மண் மூடினாலும் கொஞ்சம் கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூடத் தங்கும்.

ஆய்வாளர் ஓட்டின் மேல்பக்கத்தைச் சுரண்டி நீக்குவார். மேலே வேறு அழுக்கு ஒட்டியிருக்கும் அல்லவா? பிறகு ஓட்டின் உள்பகுதியில் சிறிது பொடி எடுப்பார். அந்தப் பொடியைக் கொழுப்பைக் கரைக்கும் திரவத்தில் போடுவார். கரைந்து வந்ததை ஒரு கருவி வகை வகையாகப் பிரித்துக் காட்டும்.

கொழுப்பு என்று தெரிந்தால் போதுமா? எந்தக் கொழுப்பு என்று தெரிய வேண்டும். எல்லாக் கொழுப்பிலும் கரி என்ற பொருள் உண்டு. கரியில் லேசான வகையும் உண்டு, சற்றுக் கனமான வகையும் உண்டு. இந்த இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைக் கருவி அளந்து சொல்லும். ஆடு மாட்டின் பாலில் ஒரு கலப்பு. அதே ஆடு மாட்டின் இறைச்சியில் வேறு கலப்பு. பன்றியைப் போல அசை போடாத விலங்கில் இன்னொரு கலப்பு. இதை வைத்து இது பாலா, இறைச்சியா என்று பிரிக்கிறார்கள்.

அக்ஷயதா சூர்யநாராயணன் என்ற பெண் ஆய்வாளர் இந்த வேலையைச் செய்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இவர். ராக்கிகடி, பர்மானா, மசூத்பூர் முதலிய ஏழு இடங்களிலிருந்து 172 ஓடுகளை எடுத்துச் சோதித்தார். அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2020 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். மாடு அல்லது எருமை இறைச்சி, ஆட்டு இறைச்சி, பன்றி போன்றவற்றின் கொழுப்பு, பால் பொருள்கள் ஆகியவற்றின் தடயம் அந்த ஓடுகளில் இருந்தது. நகரத்துச் சட்டி, கிராமத்துச் சட்டி இரண்டிலும் இருந்தது.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஓடுகளில் அசை போடாத விலங்குகளின் கொழுப்பைப் போன்றது மிகுதியாகத் தெரிந்தது. ஆனால் குப்பைக் குழிகளில் பன்றி எலும்பு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். மாட்டு எலும்பும் எருமை எலும்பும்தான் பாதிக்கு மேல். பிறகு சட்டியில் பன்றிக் கொழுப்பு எப்படி வரும்? ஒரே சட்டியில் பல பொருள்களை மாற்றி மாற்றிச் சமைத்திருக்கலாம். அப்போது கலப்புக் கணக்கு குழம்பிவிடும். ஆய்வாளர்கள் இந்த முரணை மறைக்கவில்லை. தங்கள் கட்டுரையிலேயே எழுதினார்கள். அதைப் பாராட்ட வேண்டும்.

பருப்பும் கீரையும் இவ்வளவு கொழுப்பை விடுவதில்லை. எனவே சட்டியில் கறியின் குரல் சற்று உரக்கக் கேட்கும். கீரையின் குரல் அமுங்கிவிடும். அதற்குத்தான் கருகிய தானியத்தையும் மாவுச்சத்து மணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குஜராத்தில் கட்ச் பகுதியில் கோட்டடா படலி என்ற சிற்றூர். அங்கே கல்யாண் சேகர் சக்ரவர்த்தியும் மற்றவர்களும் 59 ஓடுகளைச் சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. பால் பொருள்களின் தடயம் தெளிவாகத் தெரிந்தது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பால் அது. அந்த ஊரில் கிடைத்த எலும்புகளையும் பார்த்தார்கள். மாடும் எருமையும் வயதான பிறகே இறந்திருந்தன. ஆடுகள் இளமையிலேயே இறந்திருந்தன. அதாவது மாட்டையும் எருமையையும் பாலுக்காக வளர்த்தார்கள். ஆட்டை இறைச்சிக்காக வளர்த்தார்கள். ஒரு வீட்டுத் தேவைக்கு மேல் பால் கிடைத்திருக்கும் என்றும் ஆய்வாளர்கள் கணித்தார்கள். மிச்சத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துப் பண்டமாற்று செய்திருக்கலாம்.

சாப்பாட்டுச் செய்தி என்றாலே நம் நாட்டில் சண்டையும் வரும். 2020 பிப்ரவரியில் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளி உணவு விழா ஒன்று நடந்தது. முதலில் போட்ட பட்டியலில் கறியும் மீனும் இருந்தன. விழா தொடங்கும் சமயத்தில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அங்கே தெய்வச் சிலைகளும் புத்தரின் எலும்புச் சின்னமும் இருப்பதைக் காரணமாகச் சொன்னார்கள். இன்றைய பந்தியில் எதைப் பரிமாறுவது என்பது இன்று விருந்து வைப்பவரின் முடிவு. அன்றைய சட்டியில் எது வெந்தது என்பதை அந்தச் சட்டியைத்தான் கேட்க வேண்டும். அந்த மக்களில் எல்லாரும் கறி சாப்பிட்டார்கள் என்று சட்டி சொல்லவில்லை. யாருமே சாப்பிடவில்லை என்றும் சொல்லவில்லை.

தலைமாட்டில் பானை வைத்த பெண்

ராக்கிகடியின் சுடுகாட்டில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவளைப் புதைத்தவர்கள் அவள் தலைமாட்டில் பானைகளை வைத்திருந்தார்கள். போகிற வழிக்குச் சோறோ தண்ணீரோ வைத்தார்கள் போலும்.

பிள்ளைக்கு அப்பாவின் மூக்கு வருகிறது. அம்மாவின் கண் வருகிறது. இதற்கான குறிப்பு உடம்பின் உயிரணுக்களில் எழுதியது போல் இருக்கிறது. இதை மரபணு என்கிறோம். செத்த பிறகு இது மெல்ல மெல்ல அழியும். நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் அழியும். காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்பில் மட்டும் சில சமயம் தங்கும்.

புணே டெக்கான் கல்லூரியின் வசந்த் ஷிண்டேயும் பல நாட்டு ஆய்வாளர்களும் ராக்கிகடியின் எலும்புகளைச் சோதித்தார்கள். 60க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள். அத்தனையிலும் ஒன்றே ஒன்று பலன் கொடுத்தது. அது இந்தப் பெண்ணின் எலும்பு. 2019 செப்டம்பரில் முடிவு வெளியானது.

அவளுடைய முன்னோர் இரண்டு வகையினர். ஒரு வகையினர் பழைய ஈரான் பகுதி மக்களுக்குத் தூரத்து உறவு. இன்னொரு வகையினர் இந்தியாவில் வேட்டையாடி வாழ்ந்த மிகப் பழைய மக்களுக்கு உறவு. நடு ஆசியாவின் புல்வெளிகளில் கால்நடை மேய்த்த மக்கள் வழி வந்த கலப்பு அவளிடம் இல்லை. அதே மாதம் இன்னொரு பெரிய ஆய்வும் வந்தது. பல நாடுகளில் கிடைத்த 523 பழைய மனிதர்களின் மரபணுவை அதில் பார்த்தார்கள். புல்வெளி மக்கள் கி.மு. 2000க்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து கலந்தார்கள் என்று அது சொன்னது.

அவ்வளவுதான், சிலர் ஒரு பாதியைப் பிடித்துக் கொண்டார்கள். வேறு சிலர் மறு பாதியைப் பிடித்துக் கொண்டார்கள். வெளியிலிருந்து யாருமே வரவில்லை என்றது ஒரு செய்தி. எல்லாம் வந்தவர்கள் செய்ததே என்றது இன்னொரு செய்தி. இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படித்தால் இரண்டு கூச்சலுக்கும் இடமில்லை. இன்று இந்தியாவில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தப் பழைய வகைகளின் கலப்பே. யாரிடம் எது கூட, எது குறைய என்பதுதான் வேறுபாடு. கூலிக்காரரும் கலப்பு, நிலக்காரரும் கலப்பு. அந்தப் பெண்ணின் வகை மரபு தமிழர் உட்பட இன்றைய தெற்காசிய மக்கள் பலரிடமும் இருக்கிறது.

ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய தங்கராஜும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வேறொரு கணக்கைச் சொன்னார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நம் நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்தார்கள். அதன் பிறகுதான் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இறுகியது. நூறு தலைமுறைக்கு முன் பெண் கொடுத்து எடுத்தவர்கள் இன்று தெருவையே பிரித்து வாழ்கிறார்கள்.

ஒரு பெண்ணை வைத்து ஒரு நகரத்தையே சொல்லிவிட முடியுமா? முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஊருக்கு அது சரிப்படாது. இன்னும் பல எலும்புகள் பேச வேண்டும்.

பல்லும் பேசுகிறது. குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது, அந்த ஊர்த் தண்ணீரிலும் தானியத்திலும் உள்ள உலோகச் சத்துகள் அதில் சேரும். பிறகு எந்த ஊர் போனாலும் மாறாது. ஹரப்பாவின் கல்லறையில் கிடைத்த பற்களைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் அந்த ஊரில் பிறந்தவர்களே அல்ல. தொலைவில் பிறந்து, சின்ன வயதில் நகரத்துக்கு வந்தவர்கள். எதற்காக வந்தார்கள்? தொழில் பழகவா? உறவினர் வீட்டில் வளரவா? பல் அதைச் சொல்லாது.

படுகொலை நடந்ததா?

அந்த நகரங்கள் எப்படி அழிந்தன என்று எல்லாரும் கேட்பார்கள். மார்டிமர் வீலர் என்ற ஆய்வாளர் 1940களில் ஒரு விடை சொன்னார். மொகஞ்சதாரோவில் தெருவிலும் வீட்டிலும் தாறுமாறாகக் கிடந்த எலும்புக்கூடுகளைக் காட்டினார். படையெடுத்து வந்தவர்கள் மக்களை வெட்டிக் கொன்றார்கள் என்றார். இந்தக் கதை வேகமாகப் பரவியது. பள்ளிப் புத்தகங்களிலும் ஏறியது.

1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்பவர் இதை மறுத்தார். அந்த எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல என்று காட்டினார். பிறகு கென்னத் கென்னடி என்பவர் எலும்புகளை நன்றாகச் சோதித்தார். போரில் வெட்டுப்பட்ட அடையாளம் ஏறக்குறைய இல்லை. படுகொலைக் கதை சரிந்தது. அதை ஒப்புக்கொள்ள உலகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் என்ன நடந்தது? ஹரியானாவில் கோட்லா தாஹர் என்ற இடத்தில் முன்பு ஏரி இருந்தது. அந்த ஏரியின் வண்டலில் நத்தை ஓடுகள் புதைந்து கிடந்தன. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த யாமா தீட்சித்தும் மற்றவர்களும் அவற்றைச் சோதித்தார்கள். தண்ணீரிலும் லேசான வகை, கனமான வகை உண்டு. மழை இல்லாமல் ஏரி வற்றும்போது லேசானது முதலில் ஆவியாகும். கனமானது தங்கும். நத்தை அந்தத் தண்ணீரிலிருந்தே தன் ஓட்டைக் கட்டுகிறது. ஆக, எந்த அடுக்கில் மழை பெய்தது, எந்த அடுக்கில் பொய்த்தது என்று நத்தை ஓடு சொல்லிவிடும். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் கோடை மழை குறைந்தது என்று தெரிந்தது. அந்த வறட்சி 200 ஆண்டுகள் வரை நீடித்தது. 2014இல் இதை வெளியிட்டார்கள்.

நகரங்கள் காலியானதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். ஒரே நாளில் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக மக்கள் கிளம்பினார்கள். கிழக்கே, மழை கிடைக்கும் பக்கம் போய்ச் சிற்றூர்களில் குடியேறினார்கள். மூடிய சாக்கடை போயிற்று. எடைக்கல் போயிற்று. எழுத்தும் போயிற்று. ஆனால் மனிதர்கள் அழியவில்லை. இஞ்சியும் மஞ்சளும் உளுந்தும் கொள்ளும் அழியவில்லை. வறட்சி ஒன்றுதான் காரணமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆறுகள் திசை மாறின என்று சொல்பவர்கள் உண்டு. வெளிநாட்டு வாணிபம் குறைந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

வயலில் ஓடு கிடைத்தால்

ராக்கிகடியில் மேட்டின் மேல் வாழும் மக்களை வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. தோண்ட வேண்டும் என்கிறது அரசு. பிறந்த வீட்டை விட்டு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள் மக்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களுக்குக் கொடுக்கும் மதிப்பை, இன்று அங்கே வாழ்பவர்களுக்கும் கொடுக்க வேண்டும் அல்லவா?

பழம்பொருள் ராக்கிகடியில் மட்டும் இல்லை. கிணறு வெட்டும்போது கிடைக்கும். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கிடைக்கும். மண்ணுக்கு அடியில் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தால் மாவட்ட கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, நாணயம், செதுக்கிய கல் போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இது 1972ஆம் ஆண்டுச் சட்டம். கலெக்டர் அலுவலகம் தூரமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லலாம். எழுதிக் கொடுப்பது நல்லது. எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த நாள் என்று எழுத வேண்டும். மண்ணில் இருந்த இடம் தெரியாவிட்டால் ஓட்டின் பேச்சில் பாதி போய்விடும்.

பானை ஓடு கிடைத்தால் அதைக் கழுவ வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டால் பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பசை ஓட்டில் ஏறி ஆய்வைக் கெடுக்கும். ஒட்டிய மண்ணோடு நிழலில் உலர வைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுக்கலாம்.